மூலிகை மூலக்கூறுகளில் காக்ஸ்-2 தடுப்பானைக் கணினியில் தேடுவது எப்படி: கட்டமைப்புத் தேர்விலிருந்து ஆய்வகம் வரை

மூட்டுவலிக்கும் வீக்கத்துக்கும் முடக்கத்தான், வாதநாராயணன், நொச்சி, மஞ்சள், சித்தரத்தை என்று நம் வழக்கில் நீண்ட பட்டியல் உண்டு. இவற்றில் இருக்கும் எந்த மூலக்கூறு எந்த நொதியைத் தடுக்கிறது என்று கேட்கும் இடத்தில் கணினி வேலை தொடங்குகிறது. ஒரு மூலக்கூறு புரதத்தின் குழிக்குள் எப்படிப் பொருந்தும் என்று கணிக்கும் டாக்கிங் மென்பொருளிடம் எதைக் கொடுத்தாலும் ஸ்கோர் என்று ஓர் எண்ணைத் திருப்பித் தரும். சர்க்கரை மூலக்கூறைக் கொடுத்தாலும் தரும். அந்த எண்ணை எப்போது நம்பலாம், எப்போது தூக்கிப் போட வேண்டும் என்பதற்கான சோதனைகள்தான் இந்த வழிகாட்டியின் பெரும்பகுதி. எம்.எஸ்சி., எம்.பார்ம். புராஜெக்ட் செய்பவர்கள் பெரும்பாலும் இவற்றைத் தாண்டிவிட்டு நேராக ஸ்கோர் அட்டவணைக்குப் போகிறார்கள். அதனால்தான் எல்லா மூலிகையும் எல்லா நோய்க்கும் மருந்து என்பது போன்ற முடிவுகள் வந்து குவிகின்றன.

எடுத்துக்காட்டாக காக்ஸ்-2 நொதியை எடுத்துக்கொள்வோம். அராக்கிடோனிக் அமிலத்தைப் புரோஸ்டாகிளாண்டின் எச்2 ஆக மாற்றுவது இதன் வேலை. வலி, வீக்கம், காய்ச்சல் மூன்றிலும் இதற்குப் பங்கு உண்டு. இதன் உடன்பிறப்பான காக்ஸ்-1 இரைப்பையின் உள்சுவரைப் பாதுகாக்கிறது. அதையும் சேர்த்துத் தடுக்கும் மாத்திரைகளால் வயிற்றுப் புண் வருகிறது. காக்ஸ்-2ஐ மட்டும் தடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் எண்ண வேண்டாம். அப்படி வடிவமைத்த ரோஃபெகாக்ஸிப், மாரடைப்பு, பக்கவாத அபாயம் காரணமாக 2004இல் சந்தையிலிருந்து விலக்கப்பட்டது. எவ்வளவு தடுக்க வேண்டும், எதைத் தடுக்கக் கூடாது என்ற இரண்டு கேள்விகளும் முதல் நாளிலிருந்தே மனத்தில் இருக்கட்டும்.

தேவையான கருவிகள்

8 கோர், 16 ஜிபி ராம் உள்ள லினக்ஸ் கணினி டாக்கிங்குக்குப் போதும். விண்டோஸ் வைத்திருப்பவர்கள் அதற்குள்ளேயே லினக்ஸ் துணையமைப்பை நிறுவிக்கொள்ளலாம். மென்பொருள்கள் எல்லாம் இலவசம்: ஆட்டோடாக் வீனா 1.2, கோப்பு தயாரிக்க மீகோ, மூலக்கூறுகளைக் கையாள ஆர்டிகிட், பார்ப்பதற்குக் கைமராஎக்ஸ் அல்லது பைமால். புரதமும் மூலக்கூறும் நேரத்தோடு எப்படி அசைகின்றன என்று கணக்கிடும், கடைசியில் வரும் மூலக்கூறு இயக்க உருவகப்படுத்தலுக்கு க்ரோமாக்ஸும் ஒரு ஜிபியு அட்டையும் தேவைப்படும்.

சரியான கட்டமைப்பைத் தேர்ந்தெடுப்பது

புரதத் தரவு வங்கியில் காக்ஸ்-2 கட்டமைப்புகள் நிறைய உள்ளன. மனித நொதியுடன் ரோஃபெகாக்ஸிப் பிணைந்த 5கேஐஆர் (படத் தெளிவு 2.7 ஆங்ஸ்ட்ராம்), எலியின் நொதியுடன் அதே வகை மருந்தான செலிகாக்ஸிப் பிணைந்த 3எல்என்1 (2.4 ஆங்ஸ்ட்ராம்), மனித நொதியுடன் மெஃபெனாமிக் அமிலம் பிணைந்த 5ஐகேஆர் ஆகிய மூன்றையும் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். முதன்மை வேலைக்கு 5கேஐஆர். மற்ற இரண்டும் சரிபார்ப்புக்கு.

இங்கே பலர் விழும் ஒரு குழி உண்டு. 5கேஐஆர் கோப்பில் ஆர்ஜினைன் 120, ஆர்ஜினைன் 513, வேலின் 523 என்று வழக்கமான எண்கள் இருக்கும். அதே எச்சங்கள் (புரதச் சங்கிலியின் அமினோ அமிலங்கள்) 3எல்என்1 கோப்பில் 106, 499, 509 என்று வரும். எல்லாவற்றிலும் 14ஐக் கழித்தால் போதும் என்றும் நினைக்க வேண்டாம். ஹிஸ்டிடின் 90 அங்கே 75 ஆக இருக்கிறது. எண்ணை மட்டும் பார்த்து, “எங்கள் மூலக்கூறு புதிய இடத்தில் பிணைகிறது” என்று எழுதிவிட்டால் முழு விவாதமும் தவறாகிவிடும். இரண்டு கட்டமைப்புகளையும் கைமராஎக்ஸில் ஒன்றன்மேல் ஒன்று பொருத்தி, எந்த எச்சம் எதன் மேல் விழுகிறது என்று கண்ணால் பார்த்து ஓர் அட்டவணை எழுதிக்கொள்ளுங்கள்.

பிணைப்பு இடத்தின் நிலவியலும் தெரிந்திருக்க வேண்டும். வாசலில் ஆர்ஜினைன் 120உம் டைரோசின் 355உம். உள்ளே நுனியில் டைரோசின் 385, செரின் 530. ஆஸ்பிரின் அசிட்டைல் ஏற்றுவது இந்தச் செரின் 530இல்தான். பக்கவாட்டில் ஒரு சிறு அறை இருக்கிறது. காக்ஸ்-1இல் 523ஆம் இடத்தில் ஐசோலூசின் நின்று அந்த அறையின் வழியை அடைக்கிறது. காக்ஸ்-2இல் அங்கே சற்றுச் சிறிய வேலின் இருப்பதால் வழி திறந்திருக்கிறது. ரோஃபெகாக்ஸிப்பின் சல்ஃபோன், செலிகாக்ஸிப்பின் சல்ஃபோனமைடு இரண்டும் இந்த அறைக்குள் போய் ஆர்ஜினைன் 513, ஹிஸ்டிடின் 90 பக்கம் அமர்கின்றன.

புரதத்தைத் தயார் செய்தல்

டாக்கிங்குக்கு ஒரு சங்கிலி போதும். ஏ சங்கிலியை வைத்துக்கொண்டு மற்றதை நீக்குங்கள். தண்ணீர், படிகமாக்கச் சேர்த்த சோப்பு மூலக்கூறுகள், சர்க்கரைக் கிளைகள் ஆகியவற்றை நீக்கலாம். நொதிக்குள் இரும்பைத் தாங்கியிருக்கும் ஹீமை நீக்காதீர்கள். “புரதம் அல்லாத எல்லாவற்றையும் அழி” என்ற ஒற்றைக் கட்டளையில் ஹீமும் போய்விடும். அது இருந்த இடம் காலிக் குழியாகி, பெரிய மூலக்கூறுகள் அங்கே புகுந்து அருமையான ஸ்கோருடன் பட்டியலின் உச்சிக்கு வந்துவிடும்.

விடுபட்ட பக்கச்சங்கிலி அணுக்களை பிடிபிஃபிக்சர் நிரப்பித் தரும். ஹைட்ரஜன் சேர்க்கும்போது ஹிஸ்டிடின்களை புரோப்கா கொண்டு சோதித்து, குறிப்பாக ஹிஸ்டிடின் 90 எந்த நைட்ரஜனில் ஹைட்ரஜன் தாங்குகிறது என்று பாருங்கள். வீனாவின் மதிப்பீட்டில் மின்னூட்டம் கணக்கில் வருவதில்லை. ஆனால் ஹைட்ரஜன் பிணைப்பைக் கொடுக்கும் அணு எது, வாங்கும் அணு எது என்பது கணக்கில் வரும்.

மீண்டும் பொருத்திப் பார்த்தல்

படிகத்தில் இருந்த ரோஃபெகாக்ஸிப்பை எடுத்துவிட்டு, மீண்டும் அதையே டாக் செய்து, பழைய இடத்துக்கே வருகிறதா என்று பார்ப்பது முதல் தேர்வு. படிகத்திலிருந்து எடுத்த அதே முப்பரிமாண வடிவத்தைக் கொடுத்தால் விடைத்தாளைக் கையில் கொடுத்துவிட்டுத் தேர்வு வைப்பது போலாகும். ஸ்மைல்ஸ் எழுத்துவடிவத்திலிருந்து ஆர்டிகிட்டில் புதிதாக முப்பரிமாண வடிவம் உருவாக்கிக் கொடுங்கள்.

மென்பொருள் தேட வேண்டிய பெட்டியின் மையம், படிகத்தில் பிணைந்திருந்த மூலக்கூறான லிகாண்டின் அணுக்களின் சராசரி ஆயம். மூன்று பக்கமும் 22 ஆங்ஸ்ட்ராம் போதும். 30 ஆங்ஸ்ட்ராம் கனச்சதுரத்தை, அதாவது 27,000 கன ஆங்ஸ்ட்ராமைத் தாண்டினால் வீனாவே எச்சரிக்கை தரும். எச்சரித்தும் பெரிய பெட்டியோடு ஓட்டினால் தேடல் ஆழம் போதாமல் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விடை வரும்.

கிடைத்த நிலைக்கும் படிக நிலைக்கும் உள்ள ஆர்எம்எஸ்டி, அதாவது அணுக்களின் சராசரி விலகல், 2 ஆங்ஸ்ட்ராமுக்குள் இருக்க வேண்டும். இதைக் கணக்கிடும் இடத்திலும் ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. ஆர்டிகிட்டின் கெட்பெஸ்ட்ஆர்எம்எஸ் என்ற செயற்கூறு, இரண்டு மூலக்கூறுகளையும் முதலில் ஒன்றன்மேல் ஒன்று நகர்த்திப் பொருத்திவிட்டு அப்புறம்தான் அளக்கும். லிகாண்ட் அறைக்கு வெளியே தொங்கினாலும் 0.6 என்று அழகான எண் வரும். நகர்த்தாமல் அளக்கும் கால்க்ஆர்எம்எஸ்ஸைப் பயன்படுத்துங்கள். அது பென்சீன் வளையம் புரண்டு நிற்பது போன்ற சமச்சீர் நிலைகளையும் சரியாகக் கையாளும்.

அடுத்து குறுக்குச் சோதனை. செலிகாக்ஸிப்பையும் மெஃபெனாமிக் அமிலத்தையும் 5கேஐஆரில் டாக் செய்து, அவற்றின் சொந்தப் படிக நிலையோடு ஒப்பிடுங்கள். மெஃபெனாமிக் அமிலம் தலைகீழாக நிற்கும். அதன் கார்பாக்சில் முனை வாசலில் உள்ள ஆர்ஜினைன் 120ஐ நோக்காமல் உள்ளே டைரோசின் 385, செரின் 530 பக்கம் இருக்கும். இந்தத் தலைகீழ் நிலையை உங்கள் அமைப்பு கண்டுபிடிக்கவில்லை என்றால், ஃபீனாலிக் அமிலங்கள், டிரைடெர்பீன் அமிலங்கள் ஆகியவற்றுக்கு அது சொல்லும் நிலையை எச்சரிக்கையோடு எடுத்துக்கொள்ள வேண்டும்.

பெட்டியைப் பற்றி இன்னொரு விஷயம். அறியப்பட்ட வினைமையத்தைச் சுற்றி மட்டும் தேடினால் வேறு இடத்தில் பிணைபவை தப்பிவிடும். காக்ஸின் சகோதரப் பாதையான 5-லிப்பாக்சிஜனேஸில் இது நிரூபணமான உண்மை. குங்கிலிய வகைப் பிசின்களில் உள்ள அசிட்டைல்-கீட்டோ-பீட்டா-பாஸ்வெல்லிக் அமிலம், வினைமையத்தின் இரும்பிலிருந்து சுமார் 30 ஆங்ஸ்ட்ராம் தொலைவில், இரண்டு புரதப் பகுதிகளுக்கு நடுவே செருகி நிற்பதை 2020இல் வெளியான படிக ஆய்வு காட்டியது. அதுவரை வினைமையத்தில் மட்டும் அதை டாக் செய்து எழுதிய விளக்கங்கள் எல்லாம் இடத்தையே தவறாகப் பிடித்தவை.

போலிகளோடு கலந்து சோதித்தல்

ஒரு மூலக்கூறு சரியான இடத்தில் உட்காருவது வேறு. நல்ல தடுப்பானைச் சாதாரண மூலக்கூறிலிருந்து பிரித்தறிவது வேறு. இரண்டாவதைச் சோதிக்க டியுடி-ஈ தொகுப்பு உதவும். 102 இலக்குகளுக்கு, உண்மையான தடுப்பான் ஒவ்வொன்றுக்கும் அதே எடையும் கரைதிறனும் கொண்ட சுமார் 50 போலி மூலக்கூறுகளை அது தருகிறது. அதில் காக்ஸ்-2 இருக்கிறது. நூறு தடுப்பான்களையும் அவற்றின் போலிகளையும் சேர்த்து ஓட்டினால், சாதாரணக் கணினியில் ஓரிரு நாளில் முடியும்.

தடுப்பானையும் போலியையும் பிரிக்கும் திறனைக் காட்டும் ஆர்ஓசி வளைவின் கீழ்ப் பரப்பு 0.5 என்றால் காசு சுண்டிப் போடுவதும் இதுவும் ஒன்றுதான். 0.7க்கு மேல் இருந்தால் தொடரலாம். அதைவிட முக்கியமான எண், முதல் 1 சதவீதப் பட்டியலில் உண்மையான தடுப்பான்கள் எத்தனை மடங்கு செறிந்திருக்கின்றன என்பது. நாம் கடைசியில் வாங்கிச் சோதிக்கப் போவது அந்த நுனியில் உள்ளவற்றை மட்டுமே. ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும்: காக்ஸ்-2இன் தெரிந்த தடுப்பான்களில் பெரும்பங்கு செலிகாக்ஸிப் குடும்பத்து உறவினர்கள். அவற்றில் நல்ல மதிப்பெண் வாங்கிய அமைப்பு ஃபிளேவனாய்டுகளிலும் வாங்கும் என்ற உறுதி கிடையாது. அதனால் கெம்பிஎல் தரவுத்தளத்திலிருந்து, சோதனையில் செயல்படாதவை என்று பதிவான இயற்கை மூலக்கூறுகளையும் எடுத்துச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தாவர மூலக்கூறுகளின் நூலகம்

இந்திய மூலிகைகளுக்கு இம்பாட் தரவுத்தளம் சிறந்த தொடக்கம். சென்னை தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்தில் உருவானது. இரண்டாம் பதிப்பில் 4,010 தாவரங்கள், 17,967 மூலக்கூறுகள் உள்ளன. எந்தச் செடியின் எந்தப் பாகத்தில் அந்த மூலக்கூறு இருக்கிறது என்பதும் பதிவாகியிருக்கிறது; வேர், இலை, விதை என்று பிரித்துத் தேடலாம்.

கல்லூரிகளில் வேறொரு வழக்கம் நிலவுகிறது. இலைச்சாற்றை ஜிசி-எம்எஸ் கருவியில் கொடுத்து, வரும் பட்டியலை அப்படியே டாக் செய்வது. அந்தக் கருவி எளிதில் ஆவியாகும் மூலக்கூறுகளை மட்டுமே பார்க்கும். சர்க்கரை ஒட்டிய கிளைகோசைடுகளும் பெரும்பாலான பாலிஃபீனால்களும் அதில் தென்படாது. பட்டியலில் தாலேட் வந்தால் அது பெரும்பாலும் பிளாஸ்டிக் புட்டியிலிருந்தும் கரைப்பானிலிருந்தும் வந்தது. சிலாக்சேன் வந்தால் கருவியின் குழாய்ப் பூச்சு கசிந்தது. பிளாஸ்டிக் மென்மையாக்கியை மூலிகையின் மருந்துப் பொருள் என்று அறிவிக்கும் கட்டுரைகள் உண்மையிலேயே வெளிவருகின்றன. கரைப்பானை மட்டும் தனியே ஓட்டிய வெற்றுச் சோதனையை வைத்து இவற்றைக் கழித்துவிடுங்கள்.

நூலகத்தைச் சுத்தம் செய்யும் வரிசை இது: உப்புப் பகுதியைப் பிரித்து எடுங்கள், மூலக்கூறின் அடையாளக் குறியீடான இன்ச்சிகீ மூலம் இரட்டைப் பதிவுகளை நீக்குங்கள், மூலக்கூறு எடை 200க்குக் கீழும் 600க்கு மேலும் உள்ளவற்றை ஒதுக்குங்கள், சுழலும் பிணைப்புகள் 10க்கு மேல் இருந்தால் ஒதுக்குங்கள். கடைசி விதியில் கொழுப்பு அமிலங்கள் பெரும்பாலும் போய்விடும். காக்ஸ்-2இன் இயற்கை உணவே ஒரு கொழுப்பு அமிலம் என்பதால் அவை எப்போதும் ஓரளவு பொருந்தும். அதில் புதுச் செய்தி ஒன்றும் இல்லை.

பிறகு பிஹெச் 7.4இல் மின்னூட்ட நிலையைச் சரிசெய்யுங்கள். கார்பாக்சிலிக் அமிலங்கள் ஹைட்ரஜனை இழந்த நிலையில் இருக்க வேண்டும். ஹைட்ரஜன் இடம் மாறுவதால் வரும் டாட்டோமர் வடிவத்தையும் கவனியுங்கள். குர்குமின் பல தரவுத்தளங்களில் டைகீட்டோ வடிவில் கிடைக்கும். கரைசலில் அது பெரும்பாலும் ஈனால் வடிவில், தட்டையாக இருக்கிறது. டைகீட்டோவின் நடுப்பகுதி மடங்கும், ஈனாலினது மடங்காது. இரண்டுக்கும் ஸ்கோர் வேறு, நிலையும் வேறு. வலஞ்சுழி இடஞ்சுழித் தகவல் இல்லாத பதிவுகளுக்கு மென்பொருள் தானாக ஒன்றைத் தேர்ந்துகொள்ளும். அப்படி விடாமல், எல்லா வடிவங்களையும் எழுதித் தனித்தனியே ஓட்டுங்கள்.

ஆர்டிகிட்டில் உள்ள பெய்ன்ஸ் வடிகட்டி, பல சோதனைகளில் பொய்யான நேர்மறை காட்டும் வடிவங்களைக் கண்டுபிடிக்கும். கேட்டகால் வளையம் உள்ள குவெர்செட்டின் போல நமக்குப் பழக்கமான பெயர்கள் பல அதில் சிக்கும். சிக்கியதை உடனே எறிய வேண்டாம், குறி இட்டு வையுங்கள். அதன் ஆய்வகச் சோதனைக்குக் கூடுதல் கட்டுப்பாடுகள் வேண்டும் என்பது அந்தக் குறியின் பொருள்.

ஓட்டமும் ஸ்கோரும்

முதல் சுற்றில் தேடல் ஆழம் 8 என்ற இயல்பு மதிப்பே போதும். மேலே வரும் 5 சதவீதத்தை மட்டும் 32க்கு உயர்த்தி, மூன்று வெவ்வேறு சீட் எண்களில் (தேடலின் தற்செயல் தொடக்க எண்கள்) மறுபடி ஓட்டுங்கள். மூன்றிலும் ஒரே நிலை வந்தால் வைத்துக்கொள்ளுங்கள். நிலை மாறிக்கொண்டே இருந்தால் ஸ்கோர் எவ்வளவு நன்றாக இருந்தாலும் கீழே இறக்குங்கள்.

எண்ணை எப்படி வாசிப்பது? 25 டிகிரியில் ஒவ்வொரு 1.36 கிலோகலோரியும் பிணைப்பு வலிமையில் பத்து மடங்கு. மைனஸ் 9.0 என்றால் கணக்குப்படி சுமார் 0.25 மைக்ரோமோலார். ஆனால் வீனாவை உருவாக்கியவர்கள் 2010இல் தாங்களே வெளியிட்ட திட்டப்பிழை 2.85 கிலோகலோரி, அதாவது மேலும் கீழும் நூறு மடங்குக்கு மேல் தவறலாம். ஆகவே மைனஸ் 9.4 வாங்கியது மைனஸ் 9.1 வாங்கியதைவிடச் சிறந்தது என்று எழுத எந்த அடிப்படையும் இல்லை. செலிகாக்ஸிப்பைவிட 0.2 அதிகம் என்பதும் அப்படியே.

பெரிய மூலக்கூறுகள் அணு எண்ணிக்கையாலேயே மேலே வரும். ரூட்டினில் ஹைட்ரஜன் அல்லாத அணுக்கள் 43, குவெர்செட்டினில் 22. ரூட்டின் மைனஸ் 9.5, குவெர்செட்டின் மைனஸ் 8.8 என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். அணுவுக்கு 0.22, 0.40 என்று வகுத்துப் பார்த்தால் வரிசை தலைகீழாகிறது. அந்தப் பெரிய கிளைகோசைடு எங்கே நிற்கிறது என்றும் திறந்து பாருங்கள். காக்ஸ்-2இன் உள்ளறை சுமார் 394 கன ஆங்ஸ்ட்ராம்தான் (காக்ஸ்-1இல் 316). பெரும்பாலும் ரூட்டின் வாசலுக்கு வெளியே புரதத்தின் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டிருக்கும். போதாததற்கு, குடலில் உள்ள பாக்டீரியா அதன் சர்க்கரையை வெட்டிவிடும். ரூட்டினாகவே அது மூட்டுவரை போய்ச் சேர்வதில்லை.

மேலே வந்த ஐம்பதையாவது ஒவ்வொன்றாகக் கண்ணால் பாருங்கள். நடுச்சுரங்கத்துக்குள் இருக்கிறதா? தண்ணீர் இல்லாத எண்ணெய்ச் சூழலில் ஒரு ஹைட்ராக்சில் துணையில்லாமல் தொங்குகிறதா? அமைடு அல்லது எஸ்டர் இயல்புக்கு மாறாக முறுக்கப்பட்டிருக்கிறதா? இந்த மூன்று கேள்விகளிலேயே பட்டியல் நன்றாகச் சுருங்கும். காக்ஸ்-1க்கு, செலிகாக்ஸிப்புடன் உள்ள ஆட்டின் நொதிக் கட்டமைப்பான 3கேகே6இலும் ஓட்டிப் பார்க்கலாம். ஆனால் இரண்டு நொதிகளின் ஸ்கோர் வித்தியாசத்தை வைத்துத் தேர்வுத்திறனை அறிவிக்காதீர்கள். வேலினுக்கும் ஐசோலூசினுக்கும் உள்ள வேறுபாடு ஒரு மெத்தில் தொகுதி. அதைப் பிடிக்கும் துல்லியம் இந்த ஸ்கோருக்கு இல்லை. பக்க அறைக்குள் ஏதாவது ஒரு தொகுதி நுழைகிறதா என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

வினைபுரிந்து நிரந்தரமாக ஒட்டும் மூலக்கூறுகள் தனி வகை. நிலவேம்பின் ஆண்ட்ரோகிராஃபோலைடு, அமுக்கராவின் வித்தஃபெரின் ஏ இரண்டும் அப்படிப்பட்டவை. சாதாரண டாக்கிங் கோவலன்ட் பிணைப்பைக் கணக்கிடாது. ஆண்ட்ரோகிராஃபோலைடு என்எஃப்-கப்பா-பி புரதத்தின் பி50 அலகில் சிஸ்டீன் 62உடன் பிணைவது தெரிந்த செய்தி. காக்ஸ்-2இல் அதற்குக் கிடைக்கும் ஸ்கோரைக் கொண்டு அதன் வேலையை விளக்க முடியாது.

மூலக்கூறு இயக்க உருவகப்படுத்தல்

மிஞ்சிய ஐந்தாறு மூலக்கூறுகளுக்கு மட்டும் இதைச் செய்யுங்கள். அணுக்களுக்கிடையிலான விசைகளைக் கணக்கிடும் விதித்தொகுப்பு புரதத்துக்கு ஏஎம்பிஇஆர் எஃப்எஃப்14எஸ்பி, லிகாண்டுக்கு ஜிஏஎஃப்எஃப்2, மின்னூட்டம் ஏஎம்1-பிசிசி, தண்ணீர் டிப்3பி, உப்பு 0.15 மோலார், வெப்பநிலை 310 கெல்வின், காலப்படி 2 ஃபெம்டோ நொடி. ஒரே ஒரு 100 நானோ நொடி ஓட்டத்தைவிட, வேறு வேறு தொடக்க வேகங்களில் மூன்று 100 நானோ நொடி ஓட்டங்கள் மேல். ரோஃபெகாக்ஸிப்பையும், போலிகளில் நல்ல ஸ்கோர் வாங்கிய ஒன்றையும் அதே முறையில் ஓட்டுங்கள். அவை இல்லாமல் உங்கள் மூலக்கூறின் வரைபடத்துக்கு அளவுகோல் கிடையாது.

ஆர்எம்எஸ்டி வரைபடம் திடீரென 50 ஆங்ஸ்ட்ராமுக்குத் தாவினால் லிகாண்ட் வெளியேறிவிட்டது என்று பதற வேண்டாம். பெட்டியின் எல்லையைத் தாண்டி மறுபக்கம் தோன்றியிருக்கும். புரதத்தை மையப்படுத்தி, மூலக்கூறுகளை முழுதாக்கி மறுபடி அளந்தால் சரியாகும். பிணைப்பாற்றலைத் தோராயமாகக் கணக்கிடும் எம்எம்-ஜிபிஎஸ்ஏ முறையில் மைனஸ் 60 போன்ற எண்கள் வரும். 1 நானோமோலார் அளவுக்கு இறுக்கமான பிணைப்புக்கே உண்மையான ஆற்றல் மைனஸ் 12.3தான். ஆகவே அந்த எண்களைத் தங்களுக்குள் ஒப்பிட மட்டும் வையுங்கள்.

ஆய்வகத்தில்

95 சதவீதத்துக்கு மேல் தூய்மையுள்ள தனி மூலக்கூறை வாங்குங்கள், சாறு வேண்டாம். காக்ஸ் சோதனைப் பெட்டிகளில் ஒரு வகை, டிஎம்பிடி என்ற சாயம் 590 நானோமீட்டரில் நிறம் மாறுவதை அளக்கிறது. அந்த நிறமாற்றம் நொதியின் பெராக்சிடேஸ் பகுதியில் நடக்கும் ஆக்சிஜனேற்றம். பாலிஃபீனால்கள் தாமே ஆக்சிஜனேற்றத் தடுப்பிகள் என்பதால், நொதியைத் தொடாமலேயே நிறத்தைக் குறைத்துவிடும். தாவர மூலக்கூறுகளுக்கு, உருவாகும் புரோஸ்டாகிளாண்டின் ஈ2ஐ நேரடியாக எலைசா அல்லது எல்சி-எம்எஸ் மூலம் அளக்கும் முறையே பொருத்தம்.

கரைப்பானான டிஎம்எஸ்ஓ 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. நொதியோடு மூலக்கூறை 15 நிமிடமாவது முன்கூட்டி ஊறவிட்டு அப்புறம் அராக்கிடோனிக் அமிலத்தைச் சேர்த்துவிடுங்கள். செலிகாக்ஸிப் போன்ற தடுப்பான்கள் மெதுவாகவே இறுகும். செலிகாக்ஸிப் ஒப்பீடு ஒவ்வொரு தட்டிலும் இருக்கட்டும். 0.01 சதவீதம் ட்ரைட்டான் எக்ஸ்-100 என்ற சோப்பைச் சேர்த்து மறுபடி அளந்து பாருங்கள். தடுப்பு மறைந்துவிட்டால், மூலக்கூறுகள் திரண்டு உருண்டையாகி நொதியை ஒட்டிப் பிடித்திருந்தன என்று பொருள். அதோடு அந்த மூலக்கூறை விட்டுவிடலாம்.

ரா 264.7 என்ற எலி மேக்ரோஃபேஜ் செல்களில் புரோஸ்டாகிளாண்டின் ஈ2 குறைந்தால் மட்டும் நொதித் தடுப்பு என்று முடிவு கட்ட முடியாது. செல் இறந்திருக்கலாம்; எம்டிடி சோதனை அதைச் சொல்லும். அல்லது காக்ஸ்-2 உருவாவதே குறைந்திருக்கலாம். வெஸ்டர்ன் பிளாட் அதைக் காட்டும். தூய நொதியில் ஐசி50 (நொதியின் வேலையைப் பாதியாகக் குறைக்கும் செறிவு) கிடைத்து, சோப்புச் சோதனையும் தாண்டியவற்றை மனித முழு இரத்தச் சோதனைக்கு அனுப்பலாம். இரத்தம் ஒரு மணி நேரம் உறையும்போது வரும் திராம்பாக்சேன் பி2 காக்ஸ்-1ஐயும், அழற்சியைத் தூண்டும் பாக்டீரியப் பொருளான எல்பிஎஸ் சேர்த்து 24 மணி நேரம் வைத்த இரத்தத்தில் வரும் புரோஸ்டாகிளாண்டின் ஈ2 காக்ஸ்-2ஐயும் காட்டும். இரத்தத்தில் ஆல்புமின் மூலக்கூறைப் பிடித்துக்கொள்வதால் இங்கே ஐசி50 பல மடங்கு உயரும். அந்த உயர்ந்த எண்ணையும், அந்த அளவு உணவிலோ மாத்திரையிலோ இரத்தத்தை எட்டுமா என்பதையும் சேர்த்தே முடிவு அட்டவணையில் எழுதுங்கள்.